வலப்பக்கம் பார்த்த மீன்கொத்தி

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். முட்டிவலியில் தொடங்கி, சர்க்கரை மாத்திரைக்குப் போய், கடைசியில் சின்ன வயசுச் சேட்டைகளுக்கு வந்து நிற்கும். மாங்காய் திருடியது, வாத்தியார் நாற்காலியில் நெருஞ்சி முள் போட்டது என்று ஆளுக்கு ஒன்றை எடுத்துவிடுவீர்கள். என் முறை வந்தால் மட்டும், "நான்லாம் நல்ல புள்ளப்பா" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். நல்ல பிள்ளையாம், நல்ல பிள்ளை! அந்த நல்ல பிள்ளை செய்ததை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். ஆறுதல் மட்டும் சொல்லாதீர்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. இராமநாதபுரம் சீமையில், அபிராமத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அய்யாவுக்குக் கொஞ்சம் நெல்வயல், கொஞ்சம் மிளகாய், ஏழெட்டு வெள்ளாடு. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி, ஒரு வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு விமானப்படையில் வேலை. வடக்கே ஏதோ ஓர் ஊரில். அவர் விமானம் ஓட்டுகிறார் என்றே ஊர் முழுக்க நம்பியது. அய்யா அதை மறுத்துப் பேசவில்லை. உண்மையில் அத்தான் தரையில் இருந்து இன்ஜினைக் கழற்றி மாட்டுகிற ஃபிட்டர். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அவர் நகக்கண்ணில் கறுப்பு போகாது.

கல்யாணத்துக்கு வாங்கிய லீவு பதினைந்தே நாள். கிளம்புவதற்கு முந்தின நாள் தன் கோட்டுப் பையின் மேல் தைத்திருந்த ஒரு துணி பேட்ஜைப் பிரித்தெடுத்து எங்களுக்குக் காட்டினார். உள்ளங்கை அகலம். கருநீலத் துணியில் பட்டு நூலும் சரிகையும் கலந்து தைத்தது. வெயிலில் அப்படியே மின்னும். அவர் வேலை பார்த்த ஸ்குவாட்ரனுக்கு, அதாவது விமானப் பிரிவுக்கு, அதுதான் அடையாளமாம். ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் ஒன்று உண்டாம். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காதாம்.

"மேல பாத்தியா, மூணு சிங்கம். வெள்ளக்காரன் இருந்தப்ப இந்த எடத்துல கிரீடம் இருந்துச்சு. அவன் போன பொறவு கிரீடத்த எறக்கிட்டுச் சிங்கத்த வச்சாக. சுத்தி இருக்கிற வளையம் எங்க ஸ்குவாட்ரன் பேரு. நடுவுல இருக்கறதுதான் எங்க சாமி மாதிரி."

நடுவில் ஒரு மீன்கொத்தி. நீல இறக்கை, நீண்ட அலகு, பாயத் தயாராக முன்னால் சாய்ந்த உடம்பு.

"மீன்கொத்தி எதுக்கு அத்தான்? கழுகு வைக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"கழுகு எல்லாவனும் வச்சிருக்கான். இது மேலருந்தே பாத்து வச்சுக்கிட்டு நேரா விழும். தப்பவே தப்பாது. ஆனா ஒண்ணு, இது எப்பவும் வலப்பக்கம்தான் பாக்கணும். பறவையோ மிருகமோ, பேட்ஜுல இருக்கற எதுவும் வலப்பக்கம்தான் பாக்கும். அதத் திருப்பிப் போட்டா எதிரியக் கண்டு ஓடுறான்னு அர்த்தம். எங்க ஆளுக சிரிப்பா சிரிப்பானுக."

அடியில் ஒரு நாடா. அதில் இந்தி எழுத்து. அதை யாரும் படிக்கவில்லை. அத்தான் அந்தத் துணியை அக்காவின் கையில் கொடுத்து, "இத நீ வச்சிரு. குவாட்டர்ஸ் கெடச்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன். அப்ப கையோட எடுத்துட்டு வா" என்றார். அக்கா அதைக் கல்யாணப் பட்டுக்கு நடுவில் மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவளுக்குப் பதினெட்டு வயது. குவாட்டர்ஸ் என்ற சொல்லை அவள் அந்த வருஷம் முழுக்க எத்தனை தடவை சொன்னாள் என்று கேட்காதீர்கள். படையில் கொடுக்கிற அந்த வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருமாம், சுவிட்சைப் போட்டால் வெளிச்சம் வருமாம். மிளகாய்க் காட்டில் குனிந்து நிமிரும்போதெல்லாம் அதைத்தான் பேசுவாள்.

இனி என் வேலையைச் சொல்கிறேன். ஆடி மாதம். அக்கா வயலுக்குப் போயிருந்தாள். நான் பெட்டியைத் திறந்து பேட்ஜை எடுத்தேன். முதலில் என் பாவாடை சட்டையில் ஊக்கால் குத்திக்கொண்டு நடந்து பார்த்தேன். அதுவும் சலித்தது. ஆடுகளை வரிசையாக நிறுத்தி அதுகளை ஸ்குவாட்ரன் ஆக்கினேன். எல்லாவற்றிலும் திமிர் பிடித்த ஒரு கிடாய் இருந்தது. அதை ஆபீசராக்கி, கயிற்றில் பேட்ஜைக் கோத்து அதன் கழுத்தில் கட்டினேன். சல்யூட் அடித்தேன். ஆபீசர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒரே துள்ளு, கருவேலங்காட்டுக்குள் போய்விட்டார். சாயங்காலம் கிடாய் வந்தது. கழுத்தில் கயிறு மட்டும் இருந்தது.

மூன்று நாள் அந்த முள்ளுக்குள் தேடினேன். கை காலெல்லாம் கிழிந்தது. முள் இழுத்துக்கொண்டதா, வேறு ஆடு தின்றதா, இன்றைக்கு வரைக்கும் தெரியாது. "என்னடி கீறல்?" என்று அம்மா கேட்டதற்குச் சுள்ளி பொறுக்கினேன் என்றேன். அம்மா மெச்சிக்கொண்டாள். அக்கா பெட்டியைத் திறக்கும் போதெல்லாம் நான் கொல்லைப்பக்கம் ஓடிவிடுவேன். ஆனால் அவள் பட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. அவர் வந்துதான் பிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தாள்.

ஆவணியில் பச்சை குத்துகிறவள் எங்கள் தெருவுக்கு வந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள். கூடையில் ஊசிக்கட்டு, பாசிமணி, கொட்டாங்கச்சியில் கரி மை. மஞ்சளையும் அகத்திக்கீரையையும் துணியில் முடிந்து எரித்த கரி என்பாள். புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணின் கை வெறுங்கையாக இருக்கக்கூடாது என்று அக்காவின் மாமியார் ஏற்கனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். எல்லாப் பெண்களும் தேள், தாமரை, புள்ளிக்கோலம் குத்திக்கொள்வார்கள். அக்கா மட்டும், "எனக்கு அவுக பேட்ஜக் குத்தணும்" என்றாள்.

அம்மா வாயைப் பிளந்தாள். அக்கா விடவில்லை. "யாராச்சும் ஒம் புருசன் யாருன்னு கேட்டா நான் பேரச் சொல்ல முடியுமா? தபால்காரர் கேட்டா முழிச்சிக்கிட்டு நிக்கிறேன். கையக் காட்டிட்டுப் போயிருவேன்ல?" என்றாள். புருஷன் பெயரை நாங்கள் யாரும் வாயால் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? அதனால் அம்மாவும் ஒப்புக்கொண்டாள். அந்த பேட்ஜ் வேலை மாறினால் மாறிப்போகும், அது படையின் அடையாளம், குடும்பத்தின் அடையாளம் இல்லை என்று எடுத்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. மாட்டுக்குச் சூடு போட்டால் அது அந்த வீட்டு மாடு. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

"ஏடி, பெட்டியில பட்டுக்குள்ள இருக்கு, எடுத்தா" என்றாள் அக்கா. அவள் கையில் விளக்கெண்ணெய் தடவி முடித்திருந்தார்கள்.

நான் உள்ளே போனேன். பெட்டி முன்னால் நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் முதுகில் ரெண்டு வைப்பார்கள், அக்கா ஒருநாள் அழுவாள், தேளோ தாமரையோ குத்திக்கொள்வாள், முடிந்தது. நான் வெளியே வந்து, "எண்ணெக் கையில பட்டா சரிக கறுத்துரும்க்கா. நான் பாத்துக் காயிதத்துல வரஞ்சு தாரேன்" என்றேன்.

"பாத்தியாம்மா, இவளுக்கு இருக்கற புத்தி!" என்றாள் அக்கா.

நான் நன்றாக வரைவேன், அது நிஜம். மார்கழிக் கோலத்துக்குத் தெருவே என்னைத்தான் கூப்பிடும். உள்ளே உட்கார்ந்து நினைவிலிருந்து வரைந்தேன். வளையம் வந்தது, நாடா வந்தது, அலகும் இறக்கையும் அச்சாக வந்தன. எந்தப் பக்கம் பார்த்தது என்பது மட்டும் வரவில்லை. கண்ணை மூடி மூடிப் பார்த்தேன். அத்தான் சொன்னது காதில் இருந்தது: வலப்பக்கம். என் வலது கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அலகை வைத்து வரைந்து கொடுத்தேன்.

பச்சை குத்துகிறவள் காகிதத்தைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே குத்தினாள். ரத்தம் முத்து முத்தாக வந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று சிங்கமும் மூன்று பூனையாக வந்திருந்தன. மீன்கொத்தி மட்டும் அச்சு அசலாக வந்தது. முடிந்ததும் அவள் காகிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். நான் அதைப் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் வைத்தேன். அக்காவின் கடிதங்களை நான்தான் எழுதுவேன். "பச்ச குத்துனத எழுதிராதடி. வந்து பாக்கட்டும்" என்றாள்.

தை மாதம் கடிதம் வந்தது. குவாட்டர்ஸ் கிடைத்துவிட்டது. கூட வேலை பார்க்கும் வடநாட்டு நண்பர் ஒருவருக்கு இராமேஸ்வரத்தில் முழுக்குப் போட ஆசை. எல்லோரும் இராமநாதபுரம் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள், சேர்ந்து போய்க் குளித்துவிட்டு, திரும்புகிற ரயிலில் அப்படியே பெண்ணை அழைத்துக்கொண்டு போகிறேன் என்று எழுதியிருந்தார். அக்கா பெட்டியைக் கட்டினாள். மிளகாய் வற்றல், கருவாடு, எள்ளு உருண்டை எல்லாம் சேர்ந்து பெட்டி மூடவில்லை. அய்யா அதன் மேல் ஏறி உட்கார்ந்து பூட்டினார்.

ரயிலில் அக்கா கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே வந்தாள். உச்சிப்புளி தாண்டும்போது அத்தான் ஜன்னல் வழியாகக் காட்டி, "சண்டக் காலத்துல வெள்ளக்காரன் இங்கனயும் பிளேன் எறக்குனான் மாமா" என்றார். அய்யா பெருமையாகத் தலையாட்டினார். அந்த நண்பர் நல்ல உயரம், சிவந்த முகம், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. என்னை மடியில் உட்காரவைத்துப் பாம்பன் பாலத்தைக் காட்டினார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்னி தீர்த்தத்தில் குளித்து எழுந்ததும், அக்கா ஈரத்தோடு அத்தானிடம் போனாள். முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள். "இங்க பாருங்க" என்றாள். என் வாழ்நாளில் அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அத்தான் பார்த்தார். பக்கத்தில் நின்ற நண்பரும் எட்டிப் பார்த்தார். முதலில் வியந்துபோய் ஏதோ சொன்னார். பிறகு இன்னும் குனிந்து பார்த்துவிட்டு, சிரிக்க ஆரம்பித்தார். விரலை ஒரு பக்கம் நீட்டினார், அப்படியே மறுபக்கம் திருப்பினார், தோளைக் குறுக்கிக்கொண்டு மணலில் நாலு அடி ஓடிக் காட்டினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை அவருக்கு. அத்தானும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் அவர் காது ரெண்டும் சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

தங்கியிருந்த லாட்ஜுக்கு வந்ததும், நண்பர் கோவிலுக்குப் போன நேரம் பார்த்து அத்தான் கேட்டார். "எதப் பாத்துக் குத்துன? நான் குடுத்தது எங்க?"

"பெட்டில இருக்கு."

அய்யா அவ்வளவு பாடுபட்டு மூடிய பெட்டியைத் திறந்தார்கள். பட்டைப் பிரித்தாள். உதறினாள். எள்ளு உருண்டை, வற்றல், சேலை எல்லாம் லாட்ஜ் தரையில் கிடந்தன. அக்கா மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏடி, நீ பாத்துத்தானடி வரஞ்ச? அன்னைக்கு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுக்கா. பாத்துத்தான் வரஞ்சேன்" என்றேன்.

அத்தான் அய்யாவிடம் மெதுவாகத்தான் பேசினார். "மாமா, வலப்பக்கம்னா பேட்ஜப் போட்டிருக்கறவனுக்கு வலப்பக்கம். எதிர்த்தாப்ல நின்னு பாக்கறவுகளுக்கு அது எடப்பக்கம். இவ கையில இருக்கறது முதுகக் காட்டிக்கிட்டு ஓடுது."

முதுகைக் காட்டி என்றதும் அய்யாவின் முகம் தொங்கிப்போனது. எங்கள் பக்கத்தில் ஒரு ஆளைப் பார்த்து அதைவிடக் கேவலமான சொல்லைச் சொல்ல முடியாது. எனக்கோ அப்போதுதான் உறைத்தது. துணி கையில் இருந்திருந்தால் நான் அந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டேன்.

"ஒரு துணியப் பத்திரமா வச்சுக்கத் துப்பில்ல" என்றார் அத்தான் அக்காவிடம். "அங்கன லைன் வீடு. எல்லாரும் ஒரே ஸ்குவாட்ரன். இந்தக் கைய வச்சுக்கிட்டு அவுகளுக்கு எப்படி ஒரு வாய் தண்ணி குடுப்ப? ஏற்கனவே மதராசின்னு என்னய ஓட்டுறானுக."

இன்றைக்கு யோசித்தால் அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. அந்தக் கூட்டத்தில் தலை நிமிர்ந்து நிற்கவே அவர் பாடுபட்டிருப்பார். ஆனாலும் அவர் செய்தது தப்பு. அதைவிடப் பெரிய தப்பைச் செய்த நான் மூலையில் நின்று எள்ளு உருண்டையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்புகிற ரயில் இராமநாதபுரத்தில் நின்றது. நாங்கள் இறங்கினோம். அத்தான் அக்காவின் பெட்டியைத் தூக்கிப் பிளாட்பாரத்தில் வைத்தார். "அடுத்த லீவுக்கு வாரேன் மாமா. அப்பப் பாப்பம்" என்றார். அக்கா படிக்கட்டில் ஒரு கால் வைத்தபடி நின்றாள். அம்மா அவள் தோளைப் பிடித்து இறக்கினாள். நண்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜன்னலில் எட்டி எட்டிப் பார்த்தார், எனக்குக் கையாட்டினார். நானும் ஆட்டினேன்.

ஊருக்கு வந்ததும் அய்யா பச்சை குத்துகிறவளைத் தேடி ஆளனுப்பினார். "நீ வரஞ்ச காயிதத்த எடுத்து வையி. அவ கண்ணுல காட்டிக் கேப்போம்" என்றார் என்னிடம். அதில் மீன்கொத்தி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எனக்குத் தெரியுமே. அம்மா உலை வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போன சமயம் காகிதத்தை அடுப்பில் போட்டேன். "அவளே கொண்டு போயிட்டாய்யா" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்து ஊரில் இருந்தவளை மறுநாளே கூட்டிவந்தார்கள். "குடுத்த படத்தத்தான் குத்துனேன் சாமி. காயிதத்தப் பாப்பா கையிலயே குடுத்துட்டேன்" என்றாள். அய்யா கேட்கவில்லை. அவள் கூடையைக் காலால் எத்தினார். ஊசியும் பாசியும் தெருப் புழுதியில் சிதறின. அதையெல்லாம் பொறுக்கிக்கொண்டே அவள் என்னைப் பார்த்து, "சொல்லு பாப்பா. நீயாச்சும் சொல்லு" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வரவில்லை. வரவிடவில்லை.

அக்கா சுண்ணாம்பையும் எருக்கம்பாலையும் குழைத்துக் கையில் போட்டுக்கொண்டாள். பச்சை போகவில்லை, சதைதான் போனது. புண் ஆறவே மாசிக் கடைசி ஆயிற்று. மீன்கொத்தி இருந்த இடத்தில் தடித்த தழும்பு. அத்தான் அடுத்த லீவில் வரவில்லை. அதற்கடுத்த லீவில் வந்தார், நாலு நாள் இருந்தார், போனார். ஊர்க்காரர்கள் அவள் காதுபடவே வாழாவெட்டி என்றார்கள். மூன்று வருஷம் அவள் மிளகாய்க் காட்டில் குனிந்து நிமிர்ந்தாள். குவாட்டர்ஸ் என்ற சொல்லை அதற்குப் பிறகு அவள் வாயில் நான் கேட்கவில்லை. அத்தான் வேறு ஸ்குவாட்ரனுக்கு மாறிய பிறகுதான் வந்து அழைத்துப்போனார். அங்கே பேட்ஜில் மீன்கொத்தியே கிடையாது. அக்கா எந்த வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான் போட்டாள். பிறகு பிள்ளைகள் பெற்றாள், நன்றாகத்தான் வாழ்ந்தாள். அத்தான் கடைசி வரைக்கும் அவளிடம் அன்பாகத்தான் இருந்தார். எல்லாம் சரி. அந்த மூன்று வருஷத்தை யார் திருப்பித் தருவது?

எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் பிரசவத்தில் கூட இருந்தபோது, அய்யா போனபோது, அத்தான் போனபோது. ஒவ்வொரு தடவையும் இப்போது வேண்டாம் என்று ஒரு காரணம் கிடைத்துவிடும்.

போன பொங்கலுக்கு மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். கையில் டாட்டூ போடப் போகிறாளாம். தாத்தாவின் நினைவாக அந்தப் பழைய மீன்கொத்தி பேட்ஜைத்தான் போட வேண்டுமாம். "சின்னப் பாட்டி, நீங்கதான முதல்ல வரைஞ்சீங்க? அதே மாதிரி வரைஞ்சு தாங்க" என்று நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள்.

நான் படம் வரைந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் வந்தது. வளையம், மூன்று சிங்கம், நாடா, நடுவில் மீன்கொத்தி. இந்தத் தடவை அலகைச் சரியான பக்கத்தில் வைத்தேன்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். தழும்புக் கையாலேயே அந்தப் படத்தைத் தடவினாள்.

"பாத்தியா" என்றாள் பேத்தியிடம். "இவ அன்னைக்கும் இப்படித்தான் சரியா வரஞ்சு குடுத்தா. குத்துனவதான் கெடுத்துட்டா, பாவி. ஒங்க தாத்தா கூட ஒரு தடவ, ஒந் தங்கச்சி தப்பா வரஞ்சிருப்பாளோன்னாரு. அவளச் சொன்னீகன்னா நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேன்னுட்டேன். அதுக்குப் பொறவு அவரு வாயத் தெறக்கல."

பிறகு என்னைப் பார்த்து, "இப்படித்தானடி வரஞ்ச?" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.